ஒத்திகையும் அரங்கேற்றமும்

இலக்கணம் கற்பிப்பவன் இலத்திரனியலைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகவும் வேறு சிலருக்கு நகைப்பாகவும் இருத்தல் கூடும். யான் பிராசீன பாடசாலை மரபிலே நன்னூலும் காரிகையும் கற்று, முப்பது ஆண்டுகளாக அவற்றையே பிள்ளைகளுக்குச் சொல்லி வருபவன். மின்சாரத்தைப் பற்றி யான் அறிந்ததெல்லாம், ஆளியை அழுத்தினால் விளக்கு எரியும் என்பதும், சில வேளைகளில் எரியாது என்பதுமே. ஆயினும் கடந்த ஆண்டு அல்லைப்பிட்டியில் என் தங்கையின் வளவிலே நிகழ்ந்த ஒரு சிறு காரியம், இவ்விடயத்தில் எனக்கும் ஒரு கருத்து உண்டாகும்படி செய்துவிட்டது. ஆசிரியர்களும் பெற்றோர்களும் அதனை எண்ணிப் பார்த்தல் நன்றென்று தோன்றுவதால் இதனை எழுதத் துணிந்தேன்.

தீவுப்பகுதியின் இயல்பை அறியாதார்க்கு முதலிற் சில சொல்லவேண்டும். எங்கள் ஊர் வேலணைத் தீவின் கிழக்கு முனையில் உள்ளது. நாற்புறமும் உப்புநீர், உள்ளே ஆறும் இல்லை, அருவியும் இல்லை. மாரியிற் பெய்யும் மழைநீரே நிலத்துள் இறங்கி, கீழே நிற்கும் உவர்நீரின்மேல் மிதந்து, எங்கள் கிணறுகளில் நன்னீராக நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை உவரை அது அமுக்கி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரை ஆராய்ந்தோர் கணக்கு. அக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சந் தரும். மேலே ஓரடி நீரை நாம் மிகையாக இறைத்துவிட்டால், கீழேயுள்ள உவர் 40 அடி மேலெழ முயலும் என்பதே அதன் பொருள். ஒருமுறை உவர் ஏறிய கிணறு மீண்டும் நன்னீர்க் கிணறாவதற்குப் பல மாரிகள் வேண்டும்.

துலாவினால் இறைத்த காலத்தில் மனிதன் களைத்தான். அவன் களைத்தபோது கிணறும் இளைப்பாறியது. இப்பொழுது மோட்டர் இறைக்கின்றது. மோட்டருக்குக் களைப்பு இல்லை. என் தாயார், இறைப்பு நடக்கும்போது வாய்க்காலில் ஓடும் நீரைக் கையில் ஏந்தி நாவில் இட்டுப் பார்த்து, "காணும், நிற்பாட்டுங்கோ" என்பார். அந்த நாவின் தொழிலை ஒரு கருவி செய்தால் என்ன என்பதே, பொறியியல் பயிலும் என் மருமகனுக்கு உண்டான எண்ணம்.

உப்பு மிகுந்த நீர் மின்னை எளிதிற் கடத்தும். நன்னீர் அவ்வளவு கடத்தாது. ஆகவே கிணற்று நீரில் இரண்டு உலோகக் கோல்களை இறக்கி, அவற்றினூடாகச் செல்லும் ஓட்டத்தை அளந்தால் நீரின் உப்பை உத்தேசமாக அறியலாம். உப்பு ஓர் எல்லையைக் கடந்தவுடன் ஒரு திரான்சிற்றர் விழித்து, ஓர் அஞ்சற்சுருளை இயக்கி, மோட்டரை நிறுத்திவிடும். இவ்வளவுதான் அவனுடைய கருவி. அதனைச் செய்வதற்கு முன், கணினியிலே ஒரு மென்பொருளைத் திறந்து, தடையி, கொள்ளளவி, திரான்சிற்றர் முதலியவற்றைப் படமாக வரைந்து, கோடுகளால் இணைத்து, இயக்கிப் பார்த்தான். திரையிலே கோடுகள் ஏறின, இறங்கின. "மாமா, பாருங்கோ, உப்புக் கூடின உடனே மோட்டர் நிக்குது" என்று மகிழ்ந்தான். உப்புமில்லாமல், நீருமில்லாமல், மோட்டருமில்லாமல் இவன் எதனைக் கண்டு மகிழ்கின்றான் என்று யான் எண்ணினேன். வாய் திறந்து சொல்லவில்லை.

பின்னர்ப் பாகங்களை வாங்கி, ஈயம் உருக்கி ஒட்டி, கருவியைக் கிணற்றடியிற் பொருத்தினான். இரண்டு நாட் சென்றன. மூன்றாம் நாட் காலையில் என் தங்கை நீரை நாவிலிட்டு முகஞ் சுளித்தாள். நீர் உவர்த்தது, கருவியோ நன்னீர் என்றே சொல்லிக்கொண்டிருந்தது, மோட்டரும் ஓடிக்கொண்டிருந்தது. அவசரமாக நிறுத்தியபொழுது திரான்சிற்றரும் போய்விட்டது. "கணினியில சரியாத்தானே வேலை செய்தது மாமா, கிணத்தடியில ஏன் செய்யுதில்லை?" என்று கேட்ட அவன் முகத்தை யான் மறக்கமாட்டேன். கருவி கெட்டது பெரிதன்று. தாயின் கிணற்றைக் காக்கப் போய்க் கெடுத்துவிட்டேனோ என்ற கலக்கம் அம்முகத்தில் இருந்தது.

அன்றிரவு அவனும் யானும் நெடுநேரம் இருந்து பேசினோம். அவன் விளக்கியவற்றை யான் விளங்கிக்கொண்டவாறு சொல்கின்றேன். அந்த மென்பொருளுக்குள் நீர் என்று ஒன்று இல்லை. நீருக்குப் பதிலாக அவன் ஒரு தடையியை வரைந்து வைத்திருந்தான். உப்புக் கூடினால் அத் தடையியின் அளவைக் குறைத்தான், குறைந்தால் கூட்டினான். தடையி நல்ல பிள்ளை, சொன்னபடி கேட்கும். கிணற்று நீர் அத்தகையதன்று. ஒரே திசையிலே ஓட்டம் இடையறாது செல்லச் செல்ல, கோல்களின்மேல் நுண்ணிய வாயுக் குமிழிகள் படிந்தன, உப்பும் படிந்தது. அவை ஓட்டத்தைத் தடுத்தமையால், உவர்நீரும் நன்னீர்போலத் தோன்றிற்று. கருவி பொய் சொன்ன திசையும் கேடான திசையாயிற்று. அஞ்சற்சுருளையும் அவன் வெறுந் தடையியாகவே வரைந்திருந்தான். உண்மைச் சுருளோ, ஓடும் ஓட்டத்தை வெடுக்கென்று நிறுத்தினால் சினங்கொண்டு பெரிய வோல்ற்றளவை எழுப்பும். அதனைத் தணிப்பதற்கு ஓர் இருவாயியைக் குறுக்கே இடுவது வழக்கமாம். திரையில் அதன் தேவை தோன்றவில்லை, ஆகலின் இடவில்லை.

இங்கே ஒன்று என் மனத்திற் பதிந்தது. மென்பொருள் பிழையொன்றும் செய்யவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடையையே அது தந்தது. கேள்வியிலே கிணறு இல்லாமற் போயிற்று.

இக் கதையைக் கேட்ட என் நண்பர் ஒருவர், தாமும் ஆசிரியர், "இதற்குத்தான் சொல்கின்றேன், இந்தத் திரை விளையாட்டுகளை விட்டுவிட்டுக் கையைச் சுட்டுக்கொண்டு படிக்கட்டும்" என்றார். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மையன்று என்பதே என் கருத்து. அதற்குக் காரணம் ஏட்டிலே படித்ததன்று; பட்டறிந்தது.

1990 ஆம் ஆண்டு யுத்தத்தினால் நாங்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து குடாநாட்டில் இருந்தோம். மின்சாரம் இல்லை. உலர் மின்கலங்கள் குடாநாட்டுக்குள் வரத் தடை. செய்தி கேட்பதற்கு வானொலி வேண்டும். வானொலிக்கு மின் வேண்டும். அப்பொழுது எங்கள் இளைஞர்கள் துவிச்சக்கர வண்டியின் தைனமோவைக் கொண்டு வானொலியை இயக்கினார்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைச் சுற்ற, பத்துப்பேர் சூழ்ந்திருந்து செய்தி கேட்ட காட்சியை எங்கள் தலைமுறையினர் மறவார். நாங்கள் இருந்த வீட்டு இளைஞன் ஒருவன், தைனமோவின் மின் திசை மாறி மாறி வருவது என்பதை அறியாமல் நேரே வானொலியில் இணைத்துவிட்டான். வானொலி அன்றோடு முடிந்தது. மாற்று வாங்கக் கடையும் இல்லை, காசும் இல்லை. அதன்பின் அவ் வீட்டில் எவரையும் எதனையும் கழற்ற விடவில்லை. நன்றாக வந்திருக்கவேண்டிய ஒரு கைவினைஞன் அன்றே கைகட்டி நிற்கப் பழகினான்.

வறுமையிற் பெரிது, பிழை செய்ய இயலாத வறுமை. செல்வர் வீட்டுப் பிள்ளை பத்துத் திரான்சிற்றர்களை எரித்துப் பதினோராவதிற் கற்றுக்கொள்வான். எங்கள் பிள்ளை ஒன்றை எரித்தவுடன் ஏச்சுக் கேட்டு எழுந்து போவான். எதுவும் எரியாமல் ஆயிரம் பிழை செய்து பார்க்க இடந்தரும் ஒரு மென்பொருள், இல்லாதார்க்கே முதலில் உரியது. அதனை விளையாட்டென்று தள்ளுதல் தகாது.

இக் கருவியின் வரலாறும் இதற்கே சான்று பகர்கின்றது. ஒரு சிறு சிலிக்கன் துண்டிலே பல திரான்சிற்றர்களை ஒருங்கே அமைக்கும் ஒருங்கிணைந்த சுற்றுக்கள் 1960களிற் பெருகின. பலகையிற் பாகங்களைக் குத்தி இணைத்துப் பரிசோதிக்கும் பழைய முறை அங்கே பயன்படவில்லை. வெளியே உள்ள பாகமும் சிலிக்கனுள் உள்ள பாகமும் ஒரே இயல்பின அல்ல. செய்து பார்த்துத் திருத்துவோமெனில், ஒவ்வொரு முறையும் பெரும் பொருளும் பல கிழமைகளும் செலவாகும். ஆகவே அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்திலே றொன் றோரர் என்னும் பேராசிரியர், 1969, 1970 ஆம் ஆண்டுகளில் தம் மாணவர் வகுப்பையே ஒரு கணினி நிரல் எழுத ஏவினார். அம் மாணவருள் ஒருவர் லோறன்ஸ் நேகல். அந்த நிரலின் பெயரில், கதிர்வீச்சின் விளைவு நீக்கப்பட்டது என்னும் பொருளுடைய சொற்களும் இருந்தன. அக்காலத்தில் இத்தகைய நிரல்கள் பல, அணுக்கதிர் தாக்கினால் சுற்று என்னாகும் என்பதை அறியப் படைத்துறைப் பணத்தில் எழுதப்பட்டவை. எங்கள் நிரல் அதற்கன்று என்று மாணவர்கள் பெயரிலேயே பொறித்துவிட்டார்கள்.

பின்னர் டொனால்ட் பெடர்சன் என்னும் பேராசிரியரின் வழிகாட்டலில் நேகல் அதனைத் திருத்தி எழுதினார். ஸ்பைஸ் என்ற பெயருடன் 1973 ஏப்பிரலில் கனடாவின் வாட்டர்லூ நகரில் நடந்த அறிஞர் கூட்டமொன்றில் அது வெளியிடப்பட்டது. கறிச்சரக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாயினும், ஒருங்கிணைந்த சுற்றுக்களுக்கு முதன்மை தரும் நிரல் என்னும் தொடரின் முதலெழுத்துச் சேர்க்கையே அது. இரண்டாம் பதிப்பு 1975 இலும், மூன்றாம் பதிப்பு 1989 இலும் வந்தன. பெடர்சன் செய்த பெருங் காரியம், அந்த நிரலை எவரும் பெற்றுக்கொள்ளலாம் என விட்டதுதான். நாடா அனுப்பும் செலவைக் கொடுத்தாற் போதும். பெற்றுக்கொண்டோர் பிழை கண்டால் திருப்பி எழுதினார்கள், நிரல் வளர்ந்தது. இன்று உலகில் வழங்கும் சுற்று மென்பொருள்களிற் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே.

அது எவ்வாறு கணக்கிடுகின்றது என்பதை மருமகனிடம் கேட்டேன். ஒரு சந்தியினுள் வரும் ஓட்டமெல்லாம் அச் சந்தியை விட்டு வெளியே போகவேண்டும் என்பது கிர்க்கோவ் என்பார் 1845 இற் கூறிய விதி. சுற்றிலுள்ள ஒவ்வொரு சந்திக்கும் மென்பொருள் இவ்வாறு ஒரு சமன்பாடு எழுதிக்கொள்கின்றது. தடையிகள் மட்டுமாயின் விடை நேரே வந்துவிடும். திரான்சிற்றரும் இருவாயியும் வளைந்த இயல்பின. அவற்றுக்கு நேர்விடை இல்லை. ஆகவே முதலில் ஒரு விடையை உத்தேசித்து, இட்டுப் பார்த்து, எவ்வளவு பிழைக்கின்றது என்று கண்டு திருத்தி, மீண்டும் இட்டு, பிழை மிகச் சிறிதாகும்வரை செல்கின்றது. பின்பு காலத்தைச் சிறு துணுக்குகளாக்கி ஒவ்வொரு துணுக்குக்கும் இதனையே செய்கின்றது. நல்ல மாணவன் யாப்புப் பழகுவதும் இவ்வாறேயன்றோ? சீரை வைத்துப் பார்க்கின்றான், தளை தட்டுகின்றது, மாற்றுகின்றான், மீண்டும் பார்க்கின்றான்.

ஆனால், தளை தட்டாத செய்யுளெல்லாம் கவிதையாகிவிடுவதில்லை. இலக்கணம் பிழையில்லை என்று மட்டுமே சொல்லும். கவிதை என்று சொல்வதற்கு அவை வேண்டும். நம் முன்னோர் நூலை எழுதி முடித்தவுடன் நூலென்று கொள்ளவில்லை. அறிஞர் அவையில் அரங்கேற்றினார்கள்; அவையோர் தடை எழுப்பினார்கள்; விடை சொன்னபின்பே நூலாயிற்று. கூத்திலும் அவ்வாறே. மட்டக்களப்புக் கூத்து மரபிலே சட்டம் கொடுத்து, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, பலநாட் பழகிய பின்னரே அரங்கேற்றம். பழகாமல் அரங்கேறுதலும் தவறு. பழகியதையே அரங்கேற்றம் எனக் கொள்ளுதலும் தவறு.

இம் மென்பொருளின் தொழிலுக்குப் போலச்செய்தல் என்றும் உருவகப்படுத்தல் என்றும் நம் நூல்களில் வழங்குகின்றன. முன்னையது போலி என்னும் ஓசையைத் தருகின்றது; பின்னையது அணியிலக்கணத்துக்கு உரியது. எல்லாரும் அறிந்த ஒத்திகை என்னும் சொல்லே இதற்குப் பொருந்தும் என்பது என் துணிபு. அரங்கேற்றத்துக்கு முன் செய்வது ஒத்திகை. அச் சொல்லைக் கேட்டவுடனேயே, இனி அரங்கேற்றம் ஒன்று உண்டு என்ற எண்ணமும் உடன் எழும். நல்ல கலைச்சொல் பொருளை உணர்த்துவதோடு, அதன் எல்லையையும் உணர்த்தவேண்டும். என் மருமகன் அன்று கண்டது ஒத்திகை. அவன் அதனை அரங்கேற்றம் என்று மயங்கினான். பிழை அங்கே நிகழ்ந்தது.

இவ்வாறு மயங்கியோர் எங்கள் ஊர்ப் பிள்ளை மட்டுமல்லர். 1994 இல் இன்ரெல் நிறுவனத்தாரின் பென்ரியம் என்னும் செயலியிலே, சில எண்களை வகுத்தால் விடை சற்றே பிழைக்கின்றது என்று கணிதப் பேராசிரியர் ஒருவர் கண்டுபிடித்தார். வகுத்தலுக்கு உதவும் 1066 அறைகள் கொண்ட அட்டவணையிலே ஐந்து அறைகள் விடுபட்டுப் போயிருந்தன. எத்தனையோ ஒத்திகைகளைக் கடந்து அப்பிழை கடைக்கு வந்துவிட்டது. மாற்றிக் கொடுப்பதற்கு அந் நிறுவனம் ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 இலட்சம் டொலர். கணினி ஒத்திகையை வாழ்நாள் முழுவதும் ஐயுற்றுக் கண்டித்து எழுதிய பொப் பீஸ் என்னும் புகழ்பெற்ற அமெரிக்கச் சுற்றுப் பொறியாளரும் இருந்தார். திரையை நம்பிக் கையையும் மூளையையும் மறந்துவிடாதீர் என்பதே அவர் கூற்றின் சாரம். என் நண்பரான ஆசிரியர் இவ் விடயத்தில் தனித்தவரல்லர்.

ஆயினும் அந்த ஐயத்தைக் கொண்டு கருவியை விலக்குவது, தட்டுப் பிழையைக் கண்டு ஏட்டை எரிப்பது போலாகும். கணக்கினால் முன்கூட்டிக் காண்பதும், பின் அரங்கிலே மெய்ப்பிப்பதும் நம் மரபுக்குப் புதியன அல்ல. சுவாமி விபுலானந்தரை எண்ணிப் பாருங்கள். அவர் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவார். யாழ்ப்பாணத்திலே விஞ்ஞான ஆசிரியராகவும் இருந்தவர். வழக்கொழிந்துபோன யாழை அவர் கண்ணாற் கண்டவரல்லர். பழம்பாடல்களிலும் உரைகளிலும் உள்ள குறிப்புக்களைக் கொண்டு, சுரங்களுக்குரிய எண்களைக் கணித்து, நரம்பின் அளவுகளைக் கண்டார். எத்தனை ஆண்டுகள் தாளிலேயே யாழை இசைத்துப் பார்த்திருப்பார்! அதுவும் ஓர் ஒத்திகையே. ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. 1947 இல் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் அரங்கேறியபொழுது, அவர் கணக்கின்படி செய்த யாழ் அவையோர் முன்னிலையில் மீட்டப்பட்டது. தாளிற் சரியாக இருந்தது செவியிலும் சரியாக இருக்கவேண்டும் என்பதை அத் தமிழ்ப் பேராசிரியர் அறிந்திருந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு யான் காட்ட விரும்பும் முன்மாதிரி அதுவே.

இனி, இது எங்கள் தீவுகளுக்கு ஏன் வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அல்லைப்பிட்டி மண்ணிலே 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனத்துப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன என்பதைப் பலர் அறிவர். 1977 இல் ஒருமுறை ஆராய்ந்தார்கள். 2018 இல் சீனத்துச் சாங்காய் அருங்காட்சியகத்தாரும் வந்து அகழ்ந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உலகத்தின் மிகச் சிறந்த பண்டம் எங்கள் கரையில் இறங்கியது. பண்டம் இறங்கியது, அதனைச் செய்யும் வித்தை இறங்கவில்லை. ஓடுகள் எஞ்சின. இன்றைக்கும் நிலைமை அதுதான். கைத்தொலைபேசி வருகின்றது, சூரியத்தகடு வருகின்றது, பழுதானால் எறிந்துவிட்டு வேறு வாங்குகின்றோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும், 530 கிலோவாற்றுக் காற்று மின்னும் 1700 கிலோவாற்றுச் சூரிய மின்னும் 2400 கிலோவாற்று மணி கொள்ளும் மின்கலங்களும் அடங்கிய கூட்டு நிலையங்களை இந்திய அரசின் நன்கொடையில் அமைப்பதற்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. நன்று, வரவேற்போம். ஆனால் உப்புக்காற்றிலே அவற்றின் சுற்றுக்கள் பழுதாகும் நாளில், திறந்து பார்த்துக் காரணஞ் சொல்லத் தீவுப் பிள்ளை ஒருவன் இருப்பானா, அல்லது படகுத் துறையிற் காத்து நிற்போமா என்பதே என் கேள்வி.

இந்த வித்தை இறங்குவதற்கு இப்பொழுது கப்பல் வேண்டியதில்லை. ஸ்பைஸ் வழிவந்த என்ஜிஸ்பைஸ் என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் அதனை உள்ளடக்கி ஈசிம் என்னும் பெயரில் ஒரு தொகுதியை ஆக்கி, விலையின்றியே வழங்குகின்றார்கள். சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தாரின் சக்தி வரிசைச் செயலிகள் 2018 இல் சிலிக்கனில் வார்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று வெளிநாட்டிலும், மற்றொன்று இந்தியாவிலேயே சண்டிகரிலும் வார்க்கப்பட்டது. வார்ப்பதற்கு முன் அவை கணினியிலே கண்ட ஒத்திகைகளை எண்ணி மாளாது. கடலுக்கு அப்பால் தமிழ் பேசும் நகரில் இது நடக்கும்போது, கடலுக்கு இப்பால் நாம் வாளாவிருத்தல் முறையன்று.

மொழி தடையாகுமோ எனின், ஆகாது. மானிப்பாயிலே 19ஆம் நூற்றாண்டில் கிறீன் வைத்தியர் மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். பின்னாளில் எங்கள் அரசகரும மொழித் திணைக்களத்தார் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். இன்று உயர்தரப் பௌதிக நூலைத் திறந்தால், இலத்திரனியல் இயலில், ஆம், அன்று என்று தீர்ப்புச் சொல்லும் சுற்றுறுப்புக்குத் தருக்கப் படலை என்று பெயர். படலை என்பது எங்கள் வேலியிலே, வருவோர் போவோரைப் பார்த்துத் திறக்கும் வாயில். அப் பெயரிட்டவர் யாழ்ப்பாணத்து வளவொன்றில் வளர்ந்தவராகத்தான் இருக்கவேண்டும் என்று எண்ணி மகிழ்வேன். இத்துணைச் சொற்கள் இருந்தும், அம் மென்பொருளின் திரையைப் பார்த்தால் யாவும் ஆங்கிலம். வழிகாட்டி நூலும் ஆங்கிலம். பதினாறு வயதுத் தீவுப் பிள்ளை தடையியை அறிவான். திரையில் அதனைத் தேடி அறியமாட்டான். இக் குறை பொறியாளரின் குறையன்று. தமிழாசிரியராகிய எங்கள் குறை. விஞ்ஞானம் எங்கள் வேலையன்று என்று இருந்துவிட்டோம்.

ஆகலின் மூன்று காரியங்களை வேண்டுகின்றேன். முதலாவது, உயர்தர வகுப்பு வரை காத்திராமல், சாதாரணதர வகுப்பிலேயே ஒத்திகை மென்பொருளைப் பிள்ளைகளுக்குப் பழக்கவேண்டும். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையிலும் ஒரு பழைய கணினி இருக்கும்; அது போதும். இரண்டாவது, திரையிற் செய்த ஒவ்வொரு சுற்றுக்கும், சிறியதொன்றையாவது கையினாற் செய்வித்து அளப்பிக்கவேண்டும். திரை சொன்ன எண்ணையும் மானி காட்டிய எண்ணையும் அருகருகே எழுதி, ஏன் வேறுபட்டன என்று ஒரு பந்தி எழுதச் செய்யவேண்டும். புள்ளிகளிற் பெரும்பகுதி அப் பந்திக்கே உரியதாகட்டும். மூன்றாவது, தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒருங்கிருந்து, அம் மென்பொருளுக்கு நூறு பக்கத்தில் நல்ல தமிழில் ஒரு வழிகாட்டி எழுதவேண்டும். சொல்லைத் தேர்ந்து கொடுக்கும் பொறுப்பை யான் ஏற்கச் சித்தமாயிருக்கின்றேன்.

கிணற்றின் கதை முடியவில்லை. என் மருமகன் மீண்டும் கணினியின் முன் அமர்ந்தான். இம்முறை நீரை வெறுந் தடையியாக வரையவில்லை. கோல்களின்மேற் படியும் படலத்துக்காகக் கொள்ளளவி ஒன்றைச் சேர்த்தான். சுருளைச் சுருளாகவே வரைந்தான். இயக்கியவுடன், மோட்டர் நிற்கும் கணத்திலே திரையில் ஒரு கோடு விண்ணென்று எழுந்தது. "மாமா, பாத்தீங்களே, இதுதான் அண்டைக்குத் திரான்சிற்றரைக் கொண்டது. கணினிக்குள்ள இருக்கிறது எரியாது. எரிஞ்சதெண்டு சொல்லவும் மாட்டுது. நாங்கள்தான் பாத்து விளங்கவேணும்" என்றான். இருவாயியை இட்டான், கோடு தணிந்தது. ஓட்டத்தை ஒரே திசையிற் செலுத்தாமல் மாறி மாறிச் செலுத்தினான். குமிழி படிய இடமில்லாமற் போயிற்று. பின்பு வாளிகளில் நீரெடுத்து, அளந்த உப்பைக் கரைத்துச் சோதித்தான். அதன் பின்பே கிணற்றடிக்குச் சென்றான்.

கருவி இப்பொழுது மூன்று மாதமாக வேலை செய்கின்றது. கடந்த மாரி நன்றாகப் பெய்தமையால் நீரின் உவரும் மெல்லத் தணிந்து வருகின்றது. என் தங்கை இன்றும் காலையில் ஒருமுறை நீரைக் கையில் ஏந்தி நாவிலிட்டுப் பார்க்கின்றாள். மகன் அதனைத் தடுப்பதில்லை. அன்றைய நாளுக்குக் கருவி காட்டிய அளவையும் தாய் சொன்ன சொல்லையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கின்றான். அந்தக் கொப்பியைப் போன்ற ஒன்று எங்கள் தீவுகளின் ஒவ்வொரு வகுப்பறையிலும் இருக்கவேண்டும் என்பதே யான் இக் கட்டுரையாற் சொல்ல வந்தது.